இடது பக்கத்துச் சீட்டு

வாங்க தம்பி, வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், ஷெட்டுதானே. அந்தத் தகரக் கதவை மட்டும் சாத்தீருங்க. ஆடிக்காத்து மண்ணை வாரி வண்டிக்குள்ள கொட்டுது. கூரை இல்லாத வண்டி பாருங்க, தெனமும் சட்டி சட்டியா மண்ணு அள்ளறேன். கருமம்.

திருச்சில இருந்தா வர்றீங்க? பஸ்ஸுலயா? தண்ணி குடிங்க மொதல்ல. அந்தச் சொம்புல இருக்குது.

இதாங்க வண்டி. விளம்பரத்துல போட்டிருந்த அதே வண்டிதான். சுத்திப் பாருங்க, குனிஞ்சு பாருங்க, பானட்டைத் தொறந்து பாருங்க. மறைக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லை. எனக்கு இதைப் பாத்தாலே கொமட்டுது, அதான் விக்கறேன். காலைல பல்லு வெளக்க வந்தா இது மூஞ்சிலதான் முழிக்க வேண்டியிருக்குது.

என்னங்க? இன்னொரு சீட்டு எங்கயா?

அட, வந்து நின்னதும் நீங்களும் அதேதானா! போன வாரம் ஈரோட்டுல இருந்து ஒருத்தர் வந்தாரு, அவரும் அதே கேள்வி. அதுக்கு முன்ன ஒரு பல் டாக்டர் வந்தாரு, அவரும் அதே கேள்வி. இத்தாப் பெரிய இஞ்சினை உள்ள எறக்கி வெச்சிருக்கேன், அதைப் பாக்கறதுக்கு ஒரு நாதியில்லை. சீட்டு எங்க, சீட்டு எங்க. சீட்டு எங்கயும் போகலீங்க. இதே ஊட்டுலதான் இருக்குது. உக்காருங்க, அந்த டயர் மேலயே உக்காருங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். சொல்றேன், கேட்டுட்டு நீங்களே நாயத்தைச் சொல்லுங்க.

நான் இங்க கணபதி ஏரியால கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கேன். வெள்ளிங்கிரி கிரைண்டர்னா நம்ம பக்கம் எல்லாத்துக்கும் தெரியும். இட்லிக் கடை, கல்யாண மண்டபம், எங்க போனாலும் நம்ம கல்லுதான் சுத்தும். சின்ன வயசுல இருந்தே எனக்கு ஒரு பழக்கமுங்க, ஒரு மிஷினு கையில கெடைச்சா அது இருக்கற மாதிரியே விட மாட்டேன். இன்னும் கொஞ்சம் வேகமா ஓடுமான்னு பாப்பேன். எங்க ஊட்டுக் கிரைண்டருக்கே ஒருக்கா பெரிய மோட்டாரை மாட்டுனேன். பறந்துச்சுங்க. மாவு கொஞ்சம் சூடாயிருச்சு, அவ்வளவுதான். மக்யா நாள் காலைல இட்லி கல்லு மாதிரி இருக்குதுன்னு என்ற சம்சாரம் தமயந்தி சொன்னா. ஆட்டுற நேரம் பாதியாக் கொறஞ்சுதே, அதைச் சொன்னாளா? சொல்ல மாட்டா. பழைய மோட்டாரையே மாட்டிக் குடுங்கன்னா. இப்படிப்பட்ட ஆளுகளோடதான் நான் குடும்பம் நடத்தறேன்.

இந்தக் காரு கோத்தகிரில ஒரு எஸ்டேட்காரர் கிட்ட இருந்துச்சு. இங்கிலீஷ்காரன் செஞ்ச வண்டி. என்ற வயசு இருக்கும் அதுக்கு. ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, மேல துணிக் கூரை. வேணும்னா மடக்கி விட்டுட்டுப் போலாம். அவரு மககிட்ட வெளிநாட்டுக்குப் போறாரு, வண்டியப் பாத்துக்க ஆளில்லை. பொங்கல் முடிஞ்சு போயி நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். மலை எறங்கிச் சமமான ரோட்டுக்கு வந்ததுமே தெரிஞ்சுருச்சு, வண்டிக்கு மூச்சு பத்தலை. பாக்கறதுக்குப் புலி மாதிரி இருக்குது, மிதிச்சா எருமை மாதிரி நகருது. பின்னால வந்த பால் வண்டிக்காரன் ஆரன் அடிக்கறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க.

ஊட்டுக்கு வந்தா, தமயந்தி ஆரத்தித் தட்டோட நிக்கறா. பொட்டு வெச்சா, சூடம் காட்டுனா. அப்புறம் அந்த இடது பக்கத்துச் சீட்டுல ஏறி உக்காந்தா பாருங்க, எறங்கவே இல்லை. வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருக்குது. வாசல்ல. பொழுதாகற வரைக்கும் உக்காந்திருந்தா. சீட்டை முந்தானையில தொடைக்கறா, கதவுமேல கைய வெச்சுப் பாக்கறா, எடுக்கறா, மறுபடி வெக்கறா. அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சுது. கல்யாணமாகி முப்பது வருசத்துல பாலு பொங்க விட்டவளில்லை அவ.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு ஆழியாரு டேமுக்குப் போலாமுங்க"ன்னா. "மேல தொறந்து விட்டுட்டு, காத்து மூஞ்சில அடிக்க அடிக்க. பொள்ளாச்சி ரோட்டுல."

முப்பது வருசத்துல அவ இது வேணும் அது வேணும்னு கேட்ட ஆளே இல்லைங்க. அதை நான் ஒத்துக்கறேன். செரி புள்ள, போலாம்னேன். நான் எங்க மாட்டேன்னு சொன்னேன்? நான் மாட்டேன்னு ஒரு நாளும் சொல்லலை. இதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்குங்க.

அடுத்த நாள் ஒப்பணக்கார வீதிக்குப் போயி ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டு வந்தா. தலைக்குக் கட்டறதுக்குப் பூப்போட்ட துணி ஒண்ணு. அம்பது தாண்டுன பொம்பளைக்குக் கறுப்புக் கண்ணாடி. சிரிப்பை அடக்கிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கெளம்பினோம். புதுசா வண்டி எடுத்தா நம்மூர்ல மொதல்ல ஈச்சனாரி பிள்ளையாருக்குத்தான் கொண்டு போவோம், உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பூசை போட்டு, நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டு, அப்படியே நேரா ஆழியார். அதுதான் ஏற்பாடு. புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டிக்கிட்டா. பூசையும் முடிஞ்சுது. கூரையை மடக்கி விட்டேன். அவ துணியைத் தலையில கட்டுனா, கண்ணாடியை மாட்டுனா. வண்டி எடுத்ததும் துணி கழண்டு பறக்குது, அதைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. சத்தமாச் சிரிக்கறா. எனக்கு ஒரு மாதிரி கூச்சமாப் போச்சு. பக்கத்து வண்டில எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.

கிணத்துக்கடவு வரும்போதுதான் அந்த எழவு நடந்துச்சு.

தேவராசுன்னு எங்க பங்காளி ஒருத்தன். சித்தப்பன் மகன். பம்ப்செட் கம்பெனி வெச்சிருக்கான். அவனும் நானும் ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணாத் தொழில் ஆரம்பிச்சோம், எதுலயும் எனக்கு ஒரு படி மேல நிக்கணும் அவனுக்கு. நான் மாடி கட்டுனா அவன் மாடிக்கு மேல மாடி கட்டுவான். அவன் ஒரு பெரிய காரு புதுசா வாங்கியிருந்தான். அந்தக் காருல எனக்குப் பின்னால வந்து ஆரன் அடிக்கறான். அடிச்சுக்கிட்டே இருக்கான். நான் மிதிக்கறேன், வண்டி போனாத்தானே? பக்கத்துல வந்தான். கண்ணாடிய எறக்குனான். எட்டிக் குனிஞ்சு என்னைப் பாத்துக் கையை ஆட்டுறான், இப்படி, கீழ பாத்து, ஓரமாப் போ ஓரமாப் போங்கற மாதிரி. என்னமோ கத்தறான் வேற. காத்துல கேக்கலை. எகத்தாளம்! அப்புறம் ஒரே மிதி. போயிட்டான்.

எனக்குத் தலையில தீயைக் கொட்டுன மாதிரி இருந்துச்சு. புது வண்டி, பூசை போட்ட அன்னைக்கே, கட்டுன பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்க, இப்படி ஒரு அவமானம். திரும்பிப் பாத்தா இவ என்ன பண்றா? முந்தானையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கா. முந்தானை கதவுக்கு வெளிய பறந்து பின் சக்கரத்துப் பக்கம் போயிருச்சாம். இழுத்து மடியில சுருட்டி வெக்கறா, நுனி கிழிஞ்சு ஒரே கிரீசு. "முந்தானைங்க, முந்தானைங்க, நல்ல வேளை"ங்கறா. மனுசன் மானம் போயி உக்காந்திருக்கேன், இவளுக்குச் சேலை கவலை.

வண்டியத் திருப்பிட்டேன்.

"ஏனுங்க, ஆழியாருங்க?"ன்னா.

"ஆழியாரு எங்கயும் ஓடிப் போயிராது. மொதல்ல வண்டி ரெடியாகட்டும்"னேன். தப்புங்களா? வண்டி ரெடியாகாம எப்படிப் போறது? நீங்களே சொல்லுங்க.

நேரா ஸ்டான்லி பட்டறைக்கு விட்டேன். ஸ்டான்லின்னு ஒருத்தன், முடிய ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பான், பழைய காரு எல்லாத்துக்கும் வேகம் ஏத்திக் குடுப்பான். இப்ப அவன் பேரைச் சொன்னாலே வாயைக் கொப்புளிக்கணும் போல இருக்குது. அன்னைக்கு அவன் எனக்குத் தெய்வம். வண்டியச் சுத்திச் சுத்தி வந்தான். "அண்ணா, இதுக்குள்ள ஒரு சிங்கம் தூங்குதுண்ணா"ன்னான். எனக்கு அது போதுமா இருந்துச்சு. நானும் அவனும் பேசிக்கிட்டே இருந்தோம். தமயந்தி அங்கயே ஒரு டயர் மேல உக்காந்து புளிசோத்தைப் பிரிச்சா. எனக்கும் ஸ்டான்லிக்கும் போட்டுக் குடுத்தா. நல்ல ருசிங்க, அதை மறைக்கறதுக்கு என்ன இருக்குது. கறுப்புக் கண்ணாடிய மட்டும் கழட்டாமயே சாப்பிட்டா.

மொதல்ல சின்னதாத்தான் ஆரம்பிச்சோம். கார்பரேட்டரு, சைலன்சரு. கொஞ்சம் மூச்சு வந்துச்சு. கொஞ்சம் வந்துட்டா இன்னும் கொஞ்சம் வேணுமில்லைங்களா. இஞ்சினையே மாத்திரலாம்ண்ணான்னான். எங்கயோ உடைக்கப் போட்டிருந்த ஒரு ஜப்பான் காரு இஞ்சினைக் கொண்டாந்தான். அது இந்தப் பானட்டுக்குள்ள உக்காரலை. பானட்டை வெட்டுனோம். அப்புறமும் உக்காரலை. டேஷ்போர்டுல நல்ல தேக்குப் பலகை இருந்துச்சு, அதையும் வெட்டுனோம். டர்போ வெச்சான். வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா நாலு வீதிக்கு அக்கட்ட கொழந்தை எந்திரிச்சு அழுவும். எதுத்த ஊட்டு வாத்தியார் வந்து கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. பொறாமை.

தமயந்தி ஞாயித்துக்கிழமையானா கேப்பா. "ஏனுங்க, இந்த வாரமுங்களா?" வண்டி ரெடியாகட்டும்னு சொல்லுவேன். "செரிங்க"ன்னுட்டுப் போயிருவா. சண்டை போட்டாளா? இல்லை. எனக்கென்ன தெரியும், அவ மனசுக்குள்ள என்ன இருக்குதுன்னு. வாயத் தொறந்து சொல்ற பழக்கம் இருக்கோணுமில்ல.

அப்புறம் எடை. அங்கதான் இந்தச் சீட்டுக் கதை வருது, கேளுங்க.

இஞ்சினு பெருசாயிருச்சு, ஆனா வண்டியும் கனமாயிருச்சு. ஸ்டான்லி சொல்றான், "கனத்தைக் கொறச்சா இன்னும் பறக்கும்ண்ணா." செரின்னு ஸ்டெப்னியக் கழட்டுனோம். துணிக் கூரையக் கழட்டுனோம், அதோட கம்பி எல்லாம். கால்மிதியக் கழட்டுனோம். முன் கண்ணாடியக் கூட எடுத்துட்டுச் சின்னதா ஒரு தகடு வெச்சோம். பத்தலை. நான் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன், "வேற என்னத்தைடா கழட்டலாம்?"னு. கேட்டது நான்தான். ஆனா அவன் கண்ணு எங்க போச்சு? அந்த இடது பக்கத்துச் சீட்டுக்கு. சொன்னது அவன். ஸ்பேனரை எடுத்தது அவன். நான் ஓரமா நின்னுக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சீட்டுங்க, நல்ல தோலு, உள்ள ஸ்பிரிங்கு, இரும்பு பிரேமு. ரெண்டு பேரு தூக்குற கனம். அதைத் தூக்கி ஒரு பழைய குட்டி யானை வண்டில போட்டு ஊட்டுக்கு அனுப்பி வெச்சோம்.

ராத்திரி சோறு போடும்போது கேட்டா. "அப்ப நான் எங்கீங்க உக்கார்றது?"

"இப்ப இது ஒரே சீட்டு வண்டி"ன்னேன். "தேவராசைத் தோக்கடிச்சதும் மறுபடி மாட்டிக்கலாம். நாலு போல்ட்டுதானே."

அவ ரசம் ஊத்துனா.

மறுபடி மாட்டிக்கலாம்னுதான் சொன்னேன், நல்லாக் கேட்டுக்குங்க. ஆனா அதுக்கப்புறம் கதவு ஒரு தொல்லை குடுத்துச்சு. மேல கூரை இல்லாத வண்டி, அடில பலம் பத்தலை. பெரிய இஞ்சினை ஒரு மிதி மிதிச்சா வண்டி ஒடம்பே முறுக்கிக்குது, துணி பிழியற மாதிரி. இடது பக்கத்துக் கதவு தானாத் தொறந்துக்கும். கயிறு போட்டுக் கட்டுனோம், அறுந்துருச்சு. யாரும் உக்காராத பக்கத்துக்குக் கதவு எதுக்குங்க? வெல்டு வெச்சுட்டோம். அந்தத் தழும்பு தெரியுது பாருங்க, அதான். மேல பெயிண்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது. அடிக்கலை. அடிக்கப் புடிக்கலை.

கடைசில வண்டியத் தாழ்வா எறக்குனோம். தாழ்வா இருந்தாத்தான் ரோட்டைப் புடிச்சுக்கிட்டு ஓடும்னான் ஸ்டான்லி. எறக்குனதுக்கப்புறம் எங்க வீதி முக்குல இருக்கற ஸ்பீடு பிரேக்கரைத் தாண்ட முடியலை. அடி வயிறு இடிச்சு நிக்குது. மாநகராட்சில போயி அந்த மேட்டை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தேன், காதுலயே வாங்கலை. இந்த நாட்டுல ஒரு மனுசன் முன்னுக்கு வர முடியுங்களா? அப்புறம் ஒரு டெம்போல ஏத்தித்தான் வண்டிய வெளிய கொண்டு போறது. சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கலை, செரி. ஆனா ஊரே சிரிச்சுது.

ஆனி மாசம் போட்டி வந்துச்சு. அன்னூர் ரோட்டுல ஒரு லேஅவுட் போட்டு விக்காமக் கெடக்குது. வாசல்ல பெரிய ஆர்ச்சு, உள்ள ஒரு ஊடு கெடையாது, மஞ்சக் கல்லுதான் நட்டிருக்கு. நடுவுல நூல் புடிச்ச மாதிரி ரோடு. அதைக் காருக்காரங்க சங்கம் ஒண்ணு ஒரு நாளைக்கு வாடகைக்கு வாங்கி, ரெண்டு ரெண்டு வண்டியா விட்டாங்க. தேவராசை நான்தான் போன் போட்டுக் கூப்பிட்டேன். "வர்றியா, பாத்துக்கலாமா?"ன்னேன். "என்னத்தண்ணா பாக்கறது?"ன்னான். "வந்து பாரு, தெரியும்"னேன். வந்தான். பொண்டாட்டி, பேரன், பேத்தி எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு அதே காருல வந்து எறங்கறான். கையில ஐஸ்கிரீமு வேற. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நான் டெம்போல வண்டிய ஏத்திட்டுப் போனேன். தமயந்தி பஸ்ஸுல வந்தா. என்ற வண்டிலதான் எடமில்லையே.

செரி, விடுங்க. கொடிய எறக்குனாங்க. மிதிச்சேன். தம்பி, அதை எப்படிச் சொல்றது உங்களுக்கு. முதுகு சீட்டுல ஒட்டிக்குச்சு, கண்ணுல தண்ணி, காது அடைச்சுப் போச்சு. ஒரு மூச்சு இழுத்து விடறதுக்குள்ள ரோடே தீந்து போச்சு. திரும்பிப் பாத்தா தேவராசு எங்கயோ பின்னால, எருமைய ஓட்டிக்கிட்டு வர்ற மாதிரி வந்துக்கிட்டிருக்கான். செயிச்சுட்டேன்! நான்தான் செயிச்சேன். யாரு என்ன சொன்னாலும் அது பொய்யாகாது.

எறங்கி ஓடுனேன். தமயந்தி அக்கட்ட ஒரு வேப்ப மரத்தடில நின்னு மக்காச்சோளம் தின்னுக்கிட்டிருக்கா.

"பாத்தியா புள்ள?"ன்னேன்.

"முடிஞ்சுதுங்களா?"ன்னா.

"முடிஞ்சுது. செயிச்சுட்டேன்!"

அவ அந்த ரோட்டைப் பாத்தா. இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தா. "இவ்வளவு தூரம் போறதுக்குங்களா?"ன்னா.

இதுதான் அவ கேட்டது. அத்தனை பேரு கை தட்டறாங்க, இவ தூரத்தை அளக்கறா.

அப்ப தேவராசு வந்தான். தோத்துட்டமேன்னு மூஞ்சில ஒரு வாட்டம் வேண்டாமா? இல்லை. "அண்ணா, வண்டி சூப்பரா ஓடுது"ன்னு சிரிக்கறான். எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கலை. கேட்டுட்டேன். "கிணத்துக்கடவுல கையை ஆட்டுனியே, இப்ப ஆட்டு பாக்கலாம்"னேன்.

அவன் முழிக்கறான். அப்புறம் யோசிச்சுட்டுச் சொல்றான், "அய்யோ அண்ணா, அண்ணி முந்தானை சக்கரத்துக்கிட்டப் பறந்துதுண்ணா. மாட்டிட்டா கழுத்தையே இழுத்துரும்னு பதறிப் போயி ஆரன் அடிச்சேன். கைய ஆட்டிக் காட்டுனேன். நீங்க பாக்கவே மாட்டேனுட்டீங்க. அண்ணிதான் பாத்தாங்க."

பொய்யுங்க. தோத்ததும் பேச்சை மாத்தறான். அவன் புத்தி எனக்குத் தெரியாதா? தமயந்தி பக்கத்துல நின்னுக்கிட்டு, ஆமாங்கறா. "அன்னைக்கே சொன்னனுங்களே"ங்கறா. சொன்னாளா? முந்தானை முந்தானைன்னு என்னமோ சொன்னா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அன்னைல இருந்து எல்லாரும் ஒண்ணு சேந்துட்டாங்க. ஸ்டான்லி கூடச் சொல்றான், "அப்ப இதெல்லாம் எதுக்குண்ணா பண்ணுனோம்?"னு. பண்ணுனவன் நீ, என்னையவா கேக்கற? த்தூ. அன்னையோட அவன் பட்டறைப் பக்கம் நான் தலை வெச்சுப் படுக்கலை.

அந்தத் தேவராசு அதோட விட்டானா? "அண்ணி, நாங்க இப்படியே ஆழியாருக்குப் போறோம், எடம் இருக்குது, வாங்க"ங்கறான். இது எப்படி இருக்குது பாருங்க. நான் செயிச்ச அன்னைக்கு, என்ற பொண்டாட்டிய அவன் காருல கூப்புடறான்.

தமயந்தி என்னைப் பாத்தா. அப்புறம் அவன்கிட்டச் சொன்னா, "வேண்டாம் தம்பி. நான் தொறந்த வண்டில இவரோட போகணும்னு நெனச்சிருந்தேன். கண்ணாடி கூட வாங்கி வெச்சேன். சும்மா ஆழியாரைப் பாக்கறதுக்கா ஆசைப்பட்டேன்?" அத்தனை பேரு முன்னாடி. எனக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கறதுன்னே தெரியலை. சோளத்தைப் பாதில போட்டுட்டு, ஆர்ச்சைத் தாண்டி நடந்து போயி, வந்த டவுன் பஸ்ஸுல ஏறிட்டா. நான் டெம்போக்காரனுக்காக அந்த மஞ்சக் கல்லு மேல உக்காந்திருந்தேன். அவன் டீ குடிக்கப் போனவன் வர்றதாவே தெரியலை. செயிச்சதுக்குக் குடுத்த கப்பு கையில இருக்குது. பித்தளைக் கப்பு, மேல ஒரு காரு பொம்மை. அந்தப் பொம்மைல கூட ரெண்டு சீட்டுங்க.

செரி, இப்ப உங்க கேள்விக்கு வர்றேன்.

போட்டிக்கு மக்யா நாள் நான் கம்பெனில இருந்து வர்றேன், சீட்டைக் காணோம். திண்டாடிப் போனேன். ஷெட்டுல இந்த மூலைலதான் சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்துச்சு. பாத்தா, நம்ம கம்பெனி ஆளுக ரெண்டு பேரைக் கூப்பிட்டு மொட்டை மாடிக்கு ஏத்தியிருக்கா. அந்தக் கனத்தை! தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, மேற்காலப் பாத்துப் போட்டிருக்கா. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து இப்பக் காத்து எப்படி அடிக்குது, நீங்கதான் வரும்போதே பாத்தீங்களே. மூஞ்சில அறையற காத்து. பொழுதோட வேலையெல்லாம் முடிச்சுட்டு, மேல போயி அதுல உக்காந்துக்கறா. தலைல அந்தப் பூத்துணி. கண்ணுல கறுப்புக் கண்ணாடி. அக்கம் பக்கத்துல பாக்கறாங்கன்னு ஒரு கூச்ச நாச்சம் வேண்டாமா? எதுத்த ஊட்டு வாத்தியார் சம்சாரம் கை காட்டறா, இவளும் கை காட்டறா. கண்றாவி. ஊருக்குள்ள நான் தலை நிமிந்து நடக்கற மாதிரியா இருக்குது?

நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஈரோட்டுக்காரர் சீட்டு இல்லாம வண்டி வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு. பல் டாக்டரும் அதே. ரெண்டு சீட்டும் இருந்தாத்தான் வண்டியாம். நேத்து ஒரு முடிவோட மாடிக்குப் போனேன். அந்தச் சீட்டைக் குடுத்துரு, வித்துத் தொலைச்சுரலாம்னு சொல்லத்தான் போனேன். கோவமாத்தான் போனேன்.

காத்துல மாடிப்படிக் கதவு அடிச்சுக்குது. அவ திரும்பிக் கூடப் பாக்கலை. கைய இப்படி ஓரமா நீட்டி வெச்சிருக்கா, கார்க் கதவு மேல வெச்ச மாதிரி. அங்க கதவு ஏது? வெறுங்காத்து.

"இங்க உக்காந்து என்ன பண்ற?"ன்னேன்.

"ஆழியாருக்குப் போயிட்டிருக்கனுங்க. இப்பத்தான் கிணத்துக்கடவு தாண்டுச்சு"ன்னா.

பைத்தியக்காரத்தனமா இல்லைங்களா? நாலு செவுத்துக்கு மேல தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் கிணத்துக்கடவு தாண்டுச்சாம். சீட்டைப் பத்திக் கேக்கத்தான் போனேன், அது வாயில வரலை. சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். காத்து நல்லாத்தான் இருந்துச்சு. செரி, வெளையாட்டுக்குக் கேட்டு வெப்பமேன்னு, "நானும் வரட்டுமா?"ன்னேன்.

"இது ஒரே சீட்டு வண்டிங்க"ன்னா.

கோவமாச் சொன்னாலாவது பரவாயில்லை. சாதாரணமாச் சொன்னா. ரோட்டைப் பாத்து ஓட்டறவங்க சொல்ற மாதிரி, முன்னால பாத்துக்கிட்டே சொன்னா.

நான் எறங்கி வந்துட்டேன். இங்க வந்து வண்டிக்குள்ள மண்ணு அள்ளுனேன்.

அதனால தம்பி, சீட்டு வேணும்னா நீங்களே மேல போயிக் கேட்டுக்குங்க. புது ஆளு கேட்டா ஒருவேளை குடுத்தாலும் குடுப்பா. படி அந்தப் பக்கம் இருக்குது, பாத்து ஏறுங்க, காத்து தள்ளும். இப்ப அவ அங்கதான் இருப்பா. குடுக்கலைன்னாலும் பரவாயில்லை, வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், தம்பி. ஒரு நிமிசம். நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. நீங்களா கேக்கற மாதிரி, இப்ப எது வரைக்கும் போயிருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.